எட்டு மணிக்கு வந்தால் எட்டு பதினொன்று காட்டும் மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினைக் கம்பெனிகளிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும், அது தொழிலாளியின் அரை நாள் கூலியைத் தின்கிறது என்று கொதித்து எழுதியிருந்தார். கோபம் நியாயமானது. ஆனால் அந்த மெஷின் பாவம், அதற்கு யாரோ சொன்ன மணியைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. அதற்கு மணி சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன். இருப்பது திருவொற்றியூர். மணலி, விம்கோ நகர், கத்திவாக்கம் பக்கம் இருக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக் கொடுப்பது பிழைப்பு. பெரிய படிப்பெல்லாம் கிடையாது, அடிபட்டுக் கற்றதுதான்.

மார்கழி மாதம் ஒரு பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருகிறவர்கள். காலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு. பத்து நிமிஷம் கிரேஸ் டைம் உண்டு, எட்டு பத்தைத் தாண்டி விரல் வைத்தால் அரை நாள் கட். கார்த்திகை கடைசியிலிருந்து தினமும் நாலைந்து பேருக்குக் கட் விழுகிறது, சண்டை வராத நாளில்லை. என்னைக் கூப்பிட்டதே "மெஷின்ல ஏதோ கை வெச்சிருக்காங்க, யாருன்னு பாருங்க" என்று துப்பறியத்தான். பேக்கிங் செக்‌ஷனில் ஓர் அக்கா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, ரயிலு கரெக்டா வருது, நான் கரெக்டா வர்றேன், இந்த மிஷினுக்கு மட்டும் நான் டெய்லி லேட்டு." சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று, "உங்க போனை நம்புறதா, சிஸ்டத்தை நம்புறதா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சிஸ்டம் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் எல்லோருக்கும் வாய் அடைத்துப் போகிறது.

என் போனையும் மெஷினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெஷின் 11 நிமிஷம் முன்னே போகிறது. அதாவது சரியாக எட்டு மணிக்கு விரல் வைத்தால் எட்டு பதினொன்று, அரை நாள் போச்சு. சாயங்காலம் போகும்போது அதே 11 நிமிஷம் தொழிலாளிக்குச் சாதகமாகத்தானே விழும் என்று ஓனர் கேட்டார், கணக்குப்படி சரிதான், ஆனால் அங்கே ஓவர்டைம் அரை மணிக்கு மேல் இருந்தால்தான் எழுதுவார்கள், அதனால் சாயங்கால 11 நிமிஷம் காற்றோடு போனது, காலை 11 நிமிஷம் மட்டும் கூலியில் விழுந்தது.

சரி, மெஷினில் மெனுவுக்குப் போய் மணியைத் திருத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலை போன் வருகிறது, திரும்பவும் 11 நிமிஷம். இங்கேதான் பலர் மெஷினை மாற்றிவிடுவார்கள். உண்மையில் அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ராத்திரியும் தன் மணியை மெஷினுக்குத் தள்ளிவிடுகிறது, அந்த சாஃப்ட்வேர் ஓடுவது ஆபீஸ் ரூமில் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டரில். சர்வரின் மணி 11 நிமிஷம் முன்னே. மெஷின் தன் முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சர்வரின் மணியைக் கையால் மாற்றிவிட்டு, ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்னும் நாலைந்து மாதத்தில் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். இணையத்தில் இருக்கும் சர்வர் தானாகவே மணியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்டிபி என்று ஒரு ஏற்பாடு 1985-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் உருவாக்கியது, மனிதர் 2024 ஜனவரியில்தான் இறந்தார். தெருமுனை டீக்கடைக்குப் பிள்ளையை அனுப்பி மணி கேட்டு வரச் சொல்கிறோம் என்று வையுங்கள். போய் வர 4 நிமிஷம் ஆனால், பிள்ளை கேட்டு வந்த மணியோடு 2 நிமிஷம் கூட்டிக்கொள்வோம் இல்லையா, என்டிபியும் அதையேதான் செய்கிறது, நிமிஷத்துக்குப் பதில் மில்லி செகண்டில். எத்தனை மணிக்குக் கேட்டேன், அங்கே எத்தனை மணிக்குக் கேள்வி வந்தது, எத்தனை மணிக்குப் பதில் கிளம்பியது, இங்கே எப்போது வந்தது என்று நாலு நேரத்தைக் குறித்துக்கொண்டு கணக்குப் போடும். அது இந்த சர்வரில் ஏன் நடக்கவில்லை?

சர்வரின் மணி நிலவரத்தைக் காட்டும் டைம்டேட்சிடிஎல் என்ற கமாண்ட் போட்டேன். என்டிபி சர்வீஸ் ஆக்டிவ் என்று ஒரு வரி. சர்வரைப் போட்டுக்கொடுத்தவர் இதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகக் கிளம்பியிருப்பார். அதே திரையில் கொஞ்சம் மேலே இன்னொரு வரி, சிஸ்டம் கடிகாரம் ஒத்திசைந்ததா, நோ. ஆள் வேலைக்கு வந்திருக்கிறான், வேலை நடக்கவில்லை, அந்தக் கதை. இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாகப் படிக்காததால் வருகிற தொல்லையை நான் குறைந்தது பத்து இடத்தில் பார்த்திருப்பேன்.

அந்த சர்வரில் மணி பார்க்கிற புரோகிராமின் பெயர் க்ரோனி. அதனிடம் யார் யாரிடம் மணி கேட்கிறாய் என்று கேட்டால் ஒரு பட்டியல் காட்டும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும், அவரைத்தான் இப்போது நம்புகிறேன் என்று பொருள். இங்கே நாலு வரிக்கும் கேள்விக்குறி. ரீச் என்ற கட்டத்தில் நாலுக்கும் 0. கடைசி 8 முறை கேட்டதில் எந்தெந்த முறை பதில் வந்தது என்பதை ரீச் காட்டும், எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ணில் எழுதுவதால் எட்டு முறையும் வந்திருந்தால் 377 என்று தெரியும். 0 என்றால் எட்டு முறை கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி ஒருவேளை வாசலைத் தாண்டவே இல்லையோ என்று நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தேன், கேள்வி சர்வரை விட்டுப் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, பதில் ஒன்றுகூட வரவில்லை.

ஓனரின் மகன் என்ஜினியரிங் படிக்கிற பையன், கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, நெட் நல்லாதானே இருக்கு, பிங் போகுதே, கூகுள் ஓப்பன் ஆகுதே" என்றான். நல்ல கேள்வி. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் ஒரு வழியில் போகிறது, வெப்சைட் டிசிபி 443 என்ற கதவு வழியாகப் போகிறது, மணி கேட்பது யுடிபி 123 என்ற கதவு. ஒரு கதவு திறந்திருப்பதால் இன்னொன்றும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆடி மாதம் சர்வரோடு சேர்த்து, நெட்டில் போவது வருவதை வடிகட்டும் ஒரு ஃபயர்வால் பெட்டியும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதில் 53, 80, 443 தவிர வெளியே போகும் எல்லாக் கதவும் பூட்டு. போட்டவரைப் போனில் பிடித்தேன். "123-ஆ? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார். பயந்து பூட்டுவதிலும் காரணம் இருக்கிறது, 2014-ல் பழைய என்டிபி சர்வர்களில் இருந்த, கடைசியாக மணி கேட்டவர்களின் பட்டியலைத் தரும் மான்லிஸ்ட் என்ற வசதியை வைத்து வினாடிக்கு 400 ஜிகாபிட் அளவுக்கு ஒரு தாக்குதல் நடந்தது, அப்போதிருந்து 123 என்றாலே நெட்வொர்க்காரர்களுக்கு ஒரு கூச்சம். ஆனால் அது உலகமே உள்ளே வந்து கேட்கும்படி விடுவதில் வரும் ஆபத்து. நாம் வெளியே கேட்கவும் அதற்கான பதில் உள்ளே வரவும் விட்டால் போதும்.

ஆக, புது சர்வர் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அது யாரிடமும் மணி கேட்டுப் பதில் பெறவில்லை. முதல் நாள் யாரோ போனைப் பார்த்துக் கையால் வைத்த மணி, அப்புறம் மதர்போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் சில்லை நம்பி ஐந்து மாதம் தானாக ஓடியிருக்கிறது. க்ரோனி தன் கடிகாரம் எவ்வளவு ஓடுகிறது, தங்குகிறது என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கும், டிரிஃப்ட் ஃபைல் என்பார்கள், அந்த ஃபைலே அங்கே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முழுக்கப் புரிந்தது. ஒரு முறையாவது சரியாகக் கேட்டிருந்தால், பிறகு தொடர்பு அறுந்தாலும் பழைய கணக்கை வைத்து ஓரளவு சமாளித்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 நிமிஷம் என்றால் 660 செகண்ட். சுமார் 150 நாள். நாளுக்கு 4.4 செகண்ட். கடிகாரம் ஒரு நாளும் குதிக்கவில்லை, ஊர்ந்தது. முதல் மாதம் 2 நிமிஷம், யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசியில் 7 நிமிஷம், கிரேஸ் டைம் அதை விழுங்கிவிட்டது. கார்த்திகை கடைசியில் கிரேஸ் டைம் தீர்ந்தது, சண்டை ஆரம்பித்தது. அது வரைக்கும் பலர் காரணம் தெரியாமலே ஒரு ரயில் முன்னால் வர ஆரம்பித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விடியற்காலை ஒரு ரயில் முன்னால் பிடிப்பது என்றால், வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருகிற பெண்களுக்கு அது என்ன விலை என்று சூப்பர்வைசருக்குத் தெரியுமோ என்னவோ.

திருத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகளுக்காகச் சொல்கிறேன். 123-ஐ அப்படியே திறந்துவிட்டிருந்தால் க்ரோனி முதல் பதில்கள் வந்ததும் மணியை 11 நிமிஷம் ஒரேயடியாகப் பின்னால் இழுத்துவிடும், அதன் செட்டிங்கில் மேக்ஸ்டெப் என்று ஒரு வரி அதற்காகவே இருக்கிறது. வேலை நேரத்தில் அப்படி நடந்தால் 5.05-க்கு வெளியே போனவருக்கு அப்புறம் விரல் வைத்தவருக்கு 4.58 என்று பதிவாகும், சாஃப்ட்வேர் குழம்பும், இன்னொரு சண்டை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது போனேன். முதலில் க்ரோனியை நிறுத்தினேன், மேக்ஸ்டெப் வரியை மறைத்தேன், பிறகு ஃபயர்வாலில் வெளியே போகும் யுடிபி 123-ஐத் திறந்தேன், பிறகு க்ரோனியை ஓட்டினேன். இப்படிச் செய்தால் அது குதிக்காது, மெதுவாக நடந்து நேரத்தைப் பிடிக்கும். லினக்ஸில் அதிகபட்சம் 12 செகண்டுக்கு 1 செகண்ட் வீதம்தான் விட்டுக்கொடுக்கும், அதாவது 660 செகண்டுக்குக் குறைந்தது 2 மணி 12 நிமிஷம். கடிகாரம் ஒரு நொடியும் பின்னால் போகாது, சோம்பேறியாக ஓடும், அவ்வளவுதான். ரீச் 1 ஆனது, 3, 7, 17, 37, 77, 177, கடைசியில் 377. ஒரு வரிக்கு நட்சத்திரம் விழுந்தது. பையனும் நானும் டீ குடித்துக்கொண்டே மிச்சம் எத்தனை செகண்ட் என்று திரையில் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கிரிக்கெட்டில் சேஸிங் பார்ப்பதுபோல. எல்லாம் முடிந்து சில மணி நேரம் கழித்து க்ரோனியின் டிராக்கிங் கணக்கைப் பார்த்தால், இந்தக் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 51 பங்கு வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தது. நாளுக்கு 86,400 செகண்ட், அதில் பத்து லட்சத்துக்கு 51, சரியாக 4.4 செகண்ட். காகிதத்தில் போட்ட கணக்கும் மெஷின் சொன்னதும் ஒன்றாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், அவர் "சாப்பிட வாங்க" என்றார்.

இந்த 4.4-இல்தான் விஷயமே இருக்கிறது. ஓட்டம் ஏறக்குறைய ஒரே சீராக இருந்ததால், எந்த நாளில் கடிகாரம் எவ்வளவு முன்னே இருந்தது என்று திரும்பக் கணக்கிடலாம். அட்டெண்டன்ஸ் பதிவு எல்லாம் சர்வரில் இருக்கிறது. வெயில், மழைக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் ஒரு நிமிஷம் தொழிலாளிக்குச் சாதகமாகவே விட்டு, ஒவ்வொரு நாளுக்கும் உரிய செகண்டைக் கழித்துப் பட்டியல் போட்டேன். லேட் என்று கட் விழுந்ததில் கிட்டத்தட்ட எல்லாமே எட்டு பத்துக்குள் வந்து விழுந்தது. ஓனரிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். பொங்கல் சம்பளத்தோடு பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதற்கு அவரைப் பாராட்டுகிறேன். சூப்பர்வைசர் என்னோடு இப்போது பேசுவதில்லை.

வாசகர் சொன்ன மெஷின் விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மணி சொன்னது மில் சங்கு. சங்கு தப்பாக ஊதினாலும் எல்லோர் காதிலும் ஒன்றாகத்தான் விழும், ஊரே சேர்ந்து இது தப்பு என்று சொல்லலாம். அதற்கும் முன்னால், நம் ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்த பிறகு வந்த காலத்தில், நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் ஓடியதே மெட்ராஸ் நேரத்தில்தான், நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்துச் சொன்ன நேரம் அது. 1906-ல் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று வந்தபோது மெட்ராஸ் நேரம் சுமார் 9 நிமிஷம் பின்தங்கியிருந்தது, கடிகாரங்களை முன்னே தள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்கு 9 நிமிஷத்தை அரசாங்கம் ஊரறியச் சொல்லித் தள்ளியது. இந்தப் பட்டறையில் 11 நிமிஷத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு பூட்டிய கதவு தள்ளியிருக்கிறது. சர்வர் ரூமுக்குள் போய்ப் பார்க்க பேக்கிங் அக்காவுக்கு அனுமதி கிடையாது. நிமிஷக் கணக்கில் கூலியைப் பிடிக்கிறவர் தன் கடிகாரம் சரி என்று காட்ட வேண்டாமா? தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை குத்துகிறோம், எடைக்கல்லைச் சோதிக்கிறோம், ஆள் கூலியை அளக்கிற கடிகாரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, வேலைக்கு வராத நேரத்துக்கு ஏற்ற அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று இருந்தது, அதன்படி பார்த்தால் பத்து நிமிஷத்துக்கு அரை நாள் என்பதே வழக்குக்கு உரிய விஷயம். கடிகாரத்துக்கும் உத்தரவு இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் தங்கள் சிஸ்டம் கடிகாரங்களை தேசிய தகவல் மையம் அல்லது டெல்லியில் அணுக் கடிகாரங்கள் வைத்திருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்று சொன்னது. ஹேக்கிங் நடந்தால் விசாரிக்க வசதியாகப் போட்ட உத்தரவு அது, ஆனால் பேக்கிங் அக்காவுக்கும் உதவும். இலவசம்தான், காசு கேட்கவில்லை.

அதனால் என் கோரிக்கை சின்னது. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் மாதம் ஒரு முறை ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள், இன்ன தேதியில் சர்வர் மணியைச் சோதித்தோம், வித்தியாசம் இவ்வளவு, கையெழுத்து. தொழிலாளர் துறை ஆய்வுக்கு வருகிறவர்கள் ரிஜிஸ்டரோடு இந்தக் காகிதத்தையும் கேட்கட்டும். தொழிலாளர்கள் சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போகும் முன் போனையும் மெஷினையும் ஒரே படத்தில் வருவதுபோல எடுத்து வையுங்கள், போனில் தானியங்கி நேரம் ஆன் செய்திருக்க வேண்டும், நாலைந்து பேர் போனில் ஒரே மணி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் விட்டு இன்னொரு படம். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் பிரச்சினை சர்வரில். சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் யாரோ நேர மண்டலத்தைத் தப்பாக வைத்திருக்கிறார்கள், ஐந்து நிமிஷ வேலை. கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போனால் மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது, நாணயம் அளவுக்கு இருக்கும், மாற்றுவது பெரிய செலவில்லை. எல்லாவற்றுக்கும் மெஷினை உடைக்க வேண்டியதில்லை.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மணி கேட்க ஒரே ஒரு இடத்தைக் கொடுக்காதீர்கள், இரண்டும் வேண்டாம், இரண்டு பேர் வேறு வேறு சொன்னால் யார் சொல்வது பொய் என்று சர்வரால் கண்டுபிடிக்க முடியாது. நாலு கொடுங்கள். சிசிடிவி பெட்டியையும் அட்டெண்டன்ஸ் மெஷினையும் அந்த ஒரு சர்வரிடமே மணி கேட்கச் செய்யுங்கள், க்ரோனி செட்டிங்கில் அலோவ் என்று உள் நெட்வொர்க்கைக் குறிப்பிட்டால் போதும். அந்தப் பட்டறையில் சிசிடிவி 3 நிமிஷம் பின்னால் இருந்தது, மெஷின் 11 நிமிஷம் முன்னால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த இரண்டு மணியை வைத்துத்தான் இத்தனை நாள் "கேமராவில் பார்த்தேன், நீ லேட்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் இல்லையென்று சுருக்குவதானால் மெட்ராஸ் நேரம், ராயபுரம் ஸ்டேஷன் எல்லாம் வெட்டிவிடுங்கள், வருத்தமில்லை. யுடிபி 123-ஐ மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
சிஸ்டம் பார்க்கிறவன்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை-19